பையன் ரேஸ் ஓட்டலாமா? கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு

இங்கே பஹ்ரைனில் நம்மூர்க் குடும்பங்கள் லீவு நாளில் கூடினால் பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று விஷயத்தில் வந்து நிற்கும். தங்கம் விலை, பிளைட் டிக்கெட் விலை, ஊரில் படிக்கும் பையனுக்கு பைக். முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றித்தான் யாரும் நிதானமாகப் பேசுவதில்லை. "ப்ளஸ் டூ முடிச்சா வாங்கித் தர்றேன்னு வாக்கு கொடுத்துட்டேன்" என்பார் ஒருவர். "நம்ம பக்கத்துல இல்ல, அதாவது கொடுக்கலாமேன்னு இருக்கு" என்பார் இன்னொருவர். இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வளைகுடாவில் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

பையனுக்கு வேண்டியது காலேஜுக்குப் போக ஒரு வண்டி மட்டும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தன் வண்டி வேகமா, கூட்டுக்காரன் வண்டி வேகமா என்று பார்க்க வேண்டும் அவனுக்கு. இரண்டு வண்டி, ஒரு நேர் ரோடு, ஒரு கைதட்டல். இதற்குப் பெயர் டிராக் ரேஸ். (தமிழில் எழுதினால் இழுக்கிற ட்ராக்கும் ஓடுகிற ட்ராக்கும் ஒன்றாகிவிடுகிறது. அதனால் இந்தப் பதிவில் ரேஸை 'டிராக்' என்றும் ஓடும் இடத்தைத் 'தடம்' என்றும் எழுதுகிறேன். குழப்பம் வேண்டாம்.)

இதை அனுமதிக்கலாமா கூடாதா? "கூடாது" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் முடிகிறது, அதோடு பையன் சொல்லாமல் போய் ஓட்டுவதும் ஆரம்பமாகிறது. நான் சரித்திரம் படித்தவன் அல்ல, பி.காம். படித்துவிட்டு வங்கியில் கணக்குப் பார்ப்பவன். இருந்தாலும் பழைய லெட்ஜரைப் புரட்டினால்தான் இன்றைய பாக்கி புரியும் என்பது எங்கள் தொழில் பழக்கம். அந்த மாதிரிக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் மாடு

எங்கள் பக்கம், அதாவது கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் வட்டாரம், பேருக்குக் கேரளம். தோட்டத்துக்குள் பேச்சு தமிழ். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, உடுமலை. அங்கே பந்தயம் என்றால் ரேக்ளா. சின்ன வண்டி, இரண்டு காளை, ஓட்ட ஒரு ஆள். கொங்குப் பக்கத்து ரேக்ளாவின் விசேஷம், அது பெரும்பாலும் 200 மீட்டர், 300 மீட்டர் என்று குறுகிய தூரத்தில், நேரத்தைக் கணக்குப் போட்டு ஓட்டுவது. யார் முன்னால் போனார் என்று முட்டி மோதிப் பார்ப்பதில்லை. எத்தனை விநாடி என்று பார்ப்பது. சுருங்கச் சொன்னால் நம் அப்பன் பாட்டன் டிராக் ரேஸ் ஓட்டியவர்கள்தான் :-)

பாலக்காடு, மலப்புறம் பக்கம் காளப்பூட்டு உண்டு. சேற்று வயலில் ஒரு ஜோடிக் காளை பாய்ந்தோட, பின்னால் ஆளும் சேர்ந்து ஓடுவான். இடுக்கிப் பக்கத்துத் தமிழர்களுக்கு மலை இறங்கினால் தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே மாட்டுவண்டிப் பந்தயம் ரோட்டிலேயே நடக்கும். ஆனால் பிரிவு பிரிவாக நடக்கும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இளங்கன்றைக் கொண்டுபோய்ப் பெரிய மாட்டோடு யாரும் ஓடவிட மாட்டார்கள்.

இதைக் கவனியுங்கள். மாட்டுக்குக்கூட வயசும் உடம்பும் பார்த்துத்தான் பந்தயம். ஊர் கூடி இடம் குறிக்கும், நாள் குறிக்கும், கூட்டத்தை ஒதுக்க ஆள் நிற்கும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயங்களையும் தடை செய்தது. பிறகு 2017ல் தமிழ்நாட்டில் போராட்டம், சட்டத் திருத்தம். 2023 மே 18 அன்று தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் கொண்டுவந்த திருத்தங்களை அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டது. சரியா தவறா என்ற வாதத்துக்குள் இப்போது போகவில்லை. மாட்டுப் பந்தயத்துக்கு விதி வேண்டும் என்று நாடு ஒன்பது வருஷம் வழக்காடியது. பையன்களின் பந்தயத்துக்கு யாராவது அப்படி உட்கார்ந்து விதி எழுதினோமா என்பதுதான் என் கேள்வி.

யுத்தம் விட்டுப்போன ஓடுபாதை

மோட்டார் வண்டிப் பந்தயத்தின் கதை உலகெங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தது. விமானங்களுக்காகப் போட்ட நீளமான சிமெண்ட் பாதைகள் சும்மா கிடந்தன. மெஷின் பழகிய இளைஞர்கள் வேலையில்லாமல், பயமும் இல்லாமல் ஊருக்குத் திரும்பினார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பையன்கள் பழைய கார்களைப் பிரித்து மேய்ந்து தெருவில் ஓட்டினார்கள். பத்திரிகைகள் திட்டின, போலீஸ் பிடித்தது. 1950ல் சாண்டா ஆனா என்ற ஊரில் ஒரு விமானத் தளத்து ஓடுபாதையில் கட்டணம் வாங்கிக்கொண்டு ரேஸ் நடத்த ஆரம்பித்தார்கள். 1951ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். பத்திரிகை ஆசிரியரான அவருடைய நோக்கம், ரேஸை ரோட்டிலிருந்து எடுத்துத் தடத்துக்குக் கொண்டுபோவது. 1955ல் கான்சாஸ் மாநிலத்தில் முதல் தேசியப் போட்டி நடந்ததும் ஒரு விமான ஓடுபாதையில்தான். கால் மைல், அதாவது 402 மீட்டர். இங்கிலாந்தில் 1966ல் தொடங்கிய சாண்டா பாட் தடமும் பழைய விமானத் தளம்தான்.

நம்மிடமும் அப்படி ஒன்று இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரம், யுத்த காலத்து விமான ஓடுபாதை. 1953ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்தினார்கள். 1980களின் கடைசி வரை சோழவரம் ரேஸ் என்றால் தென்னிந்தியாவுக்கே திருவிழா. கல்கத்தாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வண்டிகள் வரும். 1990ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பே சொந்தமாகத் தடம் கட்டியது. சுமார் 3.7 கிலோமீட்டர். இந்தியாவின் மோட்டார் சைக்கிள் டிராக் ரேஸ் தேசிய சாம்பியன்ஷிப்பும் பின்னால் அங்கேயே நடந்தது.

வாளையாருக்கு அந்தப் பக்கம்

சென்னை நமக்குத் தூரம். ஆனால் கோயமுத்தூர் வாளையார் தாண்டினால் வந்துவிடும். மோட்டார் பந்தய விஷயத்தில் கோயமுத்தூரின் பெயர் சின்னப் பெயர் அல்ல. பம்ப்செட்டும் ஸ்பின்னிங் மெஷினும் செய்த ஊருக்கு இஞ்சின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அங்கே எஸ். கரிவரதன் என்று ஒருவர். மில் குடும்பத்துப் பிள்ளை, இஞ்சின் பைத்தியம். மாருதி 800 இஞ்சினைப் போட்டு ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் வடிவமைத்தார். 'பார்முலா மாருதி' என்று பெயர். பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வண்டி இறக்கி ஓட்டிய விளையாட்டில், ஓரளவு கையைக் கடிக்காத செலவில் திறமையுள்ள பையன் நுழைய அது வழி திறந்தது. 1995ல் ஒரு சிறிய விமான விபத்தில் கரிவரதன் இறந்துபோனார். அவர் பெயரில் 2003ல் கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் திறந்ததுதான் கரி மோட்டார் ஸ்பீட்வே.

அந்தப் பார்முலா மாருதியில் பதின்ம வயதில் ஓட்டத் தொடங்கிய ஒரு கோயமுத்தூர்ப் பையன், 2005ல் பார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். நரேன் கார்த்திகேயன். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயனே பெரிய ராலி வீரர். மகனுக்கு வண்டியை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு "ஜாக்கிரதையா ஓட்டு" என்று சொல்லிப் போன அப்பா இல்லை. தடமும் பயிற்சியும் இருந்தது, கூட நிற்கவும் தெரிந்தது.

எல்லா வீட்டிலும் நரேன் பிறக்க மாட்டார், எல்லா அப்பாவும் ராலி வீரர் இல்லை. தெரியும். ஆனால் பதினாறு வயதுப் பையனின் வேக ஆசை பிறவிக் குற்றம் அல்ல, இடமும் ஆளும் கிடைத்தால் அது ஒரு விளையாட்டாக முடியும் என்பதற்கு வேலந்தாவளம் தாண்டினால் சாட்சி இருக்கிறது.

பதினொன்றிலிருந்து நாற்பத்து மூன்று

இனி வண்டியின் கதை. இதைப் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1980ல் டிவிஎஸ் 50 வந்தது. நம் ஊரில் வாத்தியாரும் பால்காரரும் ஓட்டிய வண்டி. 1985ல் யமஹா ஆர்எக்ஸ் 100 வந்தது. 98 சிசி, டூ ஸ்ட்ரோக், சுமார் 11 குதிரைத் திறன். 1996ல் தயாரிப்பு நின்ற பிறகும் பையன்கள் அதை விடவில்லை. எல்லைக்கு இரு பக்கமும் நன்றாக வைத்திருக்கும் ஆர்எக்ஸுக்கு இன்றும் மவுசு தனி. 2001ல் பல்சர். 2012ல் கேடிஎம் ட்யூக் 200, சுமார் 25 குதிரை. அடுத்த வருஷமே ட்யூக் 390, சுமார் 43 குதிரை.

பதினொன்று எங்கே, நாற்பத்து மூன்று எங்கே? அப்பா ஓட்டிய வண்டியின் நான்கு மடங்கு பலம் மகன் கையில். "நாங்களும் அந்த வயசுல ஓட்டினவங்கதானே" என்று நாம் சொல்லும்போது இந்த நான்கு மடங்கை மறந்துவிடுகிறோம்.

ஐரோப்பிய யூனியன் நாடுகளில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். பதினாறில் 125 சிசி வரை, அதுவும் சுமார் 15 குதிரைக்கு மிகாமல். பதினெட்டில் சுமார் 47 குதிரை வரை. அதற்கு மேல் போக இன்னும் அனுபவமோ வயதோ வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் பூஞ்சிட்டு, நடுமாடு, பெரிய மாடு மாதிரியே. இந்தியச் சட்டத்தில் பதினாறில் 50 சிசி வரை ஓட்டலாம், பதினெட்டு ஆனால் எத்தனை சிசியும் ஓட்டலாம். 50 சிசி பெட்ரோல் வண்டி கடையில் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டதால் நடுவில் படியே இல்லை. ஒரே தாவல்.

இன்னொரு கணக்கு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். குறுக்கே ஆடு வந்ததைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒரு விநாடி என்று வையுங்கள். பிரேக் பிடிக்கும் முன்பே 28 மீட்டர் போயாயிற்று. அப்புறம் நிற்க நல்ல ரோட்டிலேயே இன்னும் ஐம்பது மீட்டருக்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். அதனால்தான் முறையான டிராக் தடத்தில் ஓடும் தூரத்தைவிட நிற்பதற்கான தூரம் நீளமாக இருக்கும். நம்மூர் ரோட்டில் 400 மீட்டர் முடியும் இடத்தில் என்ன இருக்கும்? ஒரு சாயாக்கடை, ஒரு பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்.

எங்கள் பக்கத்துக்குக் கிடைத்தது

சென்னைக்கு யுத்தம் ஒரு ஓடுபாதையை விட்டுப்போனது. கோயமுத்தூருக்கு மில் பணமும் கரிவரதனும் இருந்தார்கள். பாலக்காட்டுப் பையனுக்குக் கிடைத்தது நெடுஞ்சாலை. பழைய 47, இப்போதைய 544. பாலக்காட்டுக் கணவாயில் காற்றும் நேராக வரும், ரோடும் நேராகப் போகும். நான்கு வழி ஆன பிறகு கேட்கவே வேண்டாம்.

இடுக்கியில் 400 மீட்டர் சமதளம் கிடைப்பதே கஷ்டம். மூணாறிலிருந்து போடிமெட்டு போகும் சாலையை அகலப்படுத்தியதும் கேப் ரோடு பக்கம் புது ஆட்டம் தொடங்கியது. காரின் ஜன்னலில் உட்கார்ந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் போவதும், அதை வீடியோ எடுப்பதும். 2024ல் மட்டும் மோட்டார் வாகனத் துறை அங்கே பல வழக்குகள் போட்டது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அதலபாதாளம். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ரோடும் அதுதான்.

2022 மே மாதம் வாகமண் அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்ரோடு ஜீப் ஓட்டம் பெரிய செய்தியானது. விபத்துகள் காரணமாக அந்த மாதிரி ஓட்டங்களுக்கு மாவட்ட நிர்வாகம் முன்பே தடை போட்டிருந்தது. கலந்துகொண்ட பிரபல மலையாள நடிகர் ஒருவர் 5000 ரூபாய் அபராதம் கட்டினார். அதற்கு முந்தைய வருஷம், 2021ல், கேரள மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் ராஷ்' என்று பெயர் வைத்து பைக் ரேஸ், சாகசம் செய்வோரைப் பிடிக்கத் தனி வேட்டையே நடத்தியது.

தமிழ்நாட்டில் நீதிமன்றம் வேறொரு வழி பார்த்தது. 2022ல் பைக் ரேஸ், சாகச வழக்குகளில் ஜாமீன் கேட்டு வந்த இளைஞர்களை, அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் வேலை செய்யச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கட்டு, ரத்தம், அழுகை எல்லாம் கண்ணால் பார் என்று அர்த்தம். எனக்குப் பிடித்த தீர்ப்பு.

பிடிப்பதெல்லாம் சரி. ஆனால் "இங்கே ஓட்டாதே" என்று சொன்னவர்கள் யாரும் "அங்கே போய் ஓட்டு" என்று ஒரு இடத்தைக் காட்டவில்லை.

யார் வண்டி?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். "பையன் தன் சொந்த வண்டியில் ஓட்டுகிறான்" என்கிறோம். அந்த 'சொந்த' என்ற வார்த்தையைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிரம்பாதவன் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அவனுக்கு எந்த வங்கியும் வண்டிக் கடன் தராது. ஆகவே கடன் அப்பா பெயரில், ஆர்சி புக் அப்பா பெயரில், இன்சூரன்ஸ் அப்பா பெயரில். மனாமாவில் உட்கார்ந்து மாதத் தவணை கட்டுவதும் அப்பா. சாவி மட்டும்தான் பையனிடம். சட்டத்தின் கண்ணில் அது அவன் வண்டியே இல்லை. உங்கள் வண்டி.

இதன் பலன் என்ன? 2019ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது 199ஏ என்ற புதுப் பிரிவு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டிக்காரர் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பன்னிரண்டு மாதத்துக்கு ஆர்சி ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இது வெறும் காகிதச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அப்பா அம்மாக்கள் கோர்ட்டில் நின்று அபராதம் கட்டியிருக்கிறார்கள்.

189ஆம் பிரிவு ரேஸுக்கானது. மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ரேஸ் ஓட்டினாலோ, ஓட்ட விட்டாலோ முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறு தடவை ஒரு வருஷம் வரை சிறை, 10,000 வரை அபராதம். 'அனுமதி இல்லாமல்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் ரோட்டை அடைத்து இரவில் பார்முலா 4 ரேஸ் நடந்தது இல்லையா? ரேஸ் என்றாலே சட்டத்துக்கு ஆகாது என்பதில்லை. இடமும் ஏற்பாடும் பொறுப்பும் எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்சூரன்ஸ்தான் இதில் மோசமான பகுதி. பாலிசியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது என்று அதில் இருக்கும். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டி வழியில் போகும் ஒருவர் இறந்தால், 2004ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழியில், முதலில் கம்பெனி அந்தக் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலிக்கலாம். வண்டிக்காரர் யார்? ஆர்சியில் பெயர் உள்ள நீங்கள். பல இலட்சம் போகலாம். இருபது வருஷம் வெயிலில் நின்று கட்டிய வீடு அந்தத் தொகைக்கு ஈடாகப் போகலாம்.

பணத்தை விடுங்கள். 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய அரசின் கணக்கு. அதில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். எல்லாம் ரேஸினால் அல்ல. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் போன் வந்த ஒரு வீடு இருக்கிறது. அந்தப் போன் வளைகுடாவுக்கு வந்தால், அடுத்த பிளைட்டுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில மணி நேரம் எப்படிப் போகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தடியா, திடலா?

தடம் கட்டிக் கொடுத்தால் ரோட்டில் ரேஸ் நின்றுவிடுமா? நேர்மையாகச் சொன்னால், அதனால் மட்டும் நிற்காது. மலேசியாவில் 1994லிருந்து கப் ப்ரீ என்று சின்ன பைக்குகளுக்கான தேசியப் பந்தயம் நடந்துவருகிறது. நல்ல வீரர்கள் வந்தார்கள். ஆனாலும் 'மாட் ரெம்பிட்' என்று அழைக்கப்படும் தெரு ரேஸ் கூட்டம் ஒழியவில்லை.

போலீஸ் பிடித்தால் மட்டும் நிற்குமா? அதுவும் இல்லை. இந்த ரோட்டில் பிடித்தால் அடுத்த ரோட்டுக்குப் போவார்கள்.

இரண்டும் சேர்ந்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு அமெரிக்காவில் சான் டியேகோ நகரம் உதாரணம். 1998ல் அங்கே ஸ்டீபன் பெண்டர் என்ற பேராசிரியர் ஒரு ஸ்டேடியத்தின் கார் நிறுத்தும் இடத்தில் முறையான டிராக் ரேஸைத் தொடங்கினார். அவர் நோய்ப் பரவலை ஆராய்பவர். தெரு ரேஸையும் ஒரு தொற்றுநோய் மாதிரிப் பார்த்தார். பையன்கள் தங்கள் சொந்த வண்டியைக் கொண்டுவரலாம், சோதித்துத்தான் ஓடவிடுவார்கள். அடுத்த சில வருஷங்களில் நகராட்சி, தெருவில் ஓட்டுபவனின் வண்டியைப் பறிமுதல் செய்யவும், வேடிக்கை பார்க்க நிற்பவனுக்கே அபராதம் போடவும் சட்டம் கொண்டுவந்தது. தெரு ரேஸில் செத்தவர்கள், அடிபட்டவர்கள் எண்ணிக்கை இறங்கியது. ஆராய்ச்சியாளர்கள் அதை எழுதியும் வைத்தார்கள்.

அங்கே ஓடிய தூரம் எவ்வளவு தெரியுமா? எட்டில் ஒரு மைல். 201 மீட்டர். நம் பொள்ளாச்சி ரேக்ளாவின் 200 மீட்டர்!

நான் இருக்கும் பஹ்ரைனிலும் 2004ல் சகீர் பாலைவனத்தில் பார்முலா ஒன் தடம் கட்டியபோது பக்கத்திலேயே டிராக் ரேஸுக்கென்று தனிப் பாதையும் போட்டார்கள். இவ்வளவு சின்னத் தீவுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது.

ஆனால் தடம் என்றால் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். திறமைசாலி. அதே வருஷம் ஜனவரியில் அதே தடத்தில் கார் பந்தயத்தில் 59 வயது அனுபவசாலி ஒருவர் இறந்தார். ஹெல்மெட்டும் ஆம்புலன்ஸும் டாக்டரும் இருந்த இடத்திலேயே இப்படி என்றால், எதுவுமே இல்லாத நெடுஞ்சாலையில் என்ன ஆகும்? அதே சமயம், பதின்மூன்று வயதில் அந்த வேகம் வேண்டுமா என்ற கேள்வியையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

இவ்வளவும் படித்தபின் என் முடிவு இது. ரோட்டில், எந்த வயதிலும், எந்த வண்டியிலும் கூடாது. அதில் பேரமே இல்லை. தடத்தில் ஓட்டலாம், படிப்படியாக ஓட்டலாம்.

பதினாறு பதினேழு வயதில் ஆசை தாங்காதவனை, லீவுக்கு ஊருக்குப் போகும்போது கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் முறையான பயிற்சிப் பள்ளியில் விடுங்கள். அங்கே பயிற்சி வண்டி, தோல் உடை, சொல்லிக்கொடுக்க ஆள் எல்லாம் இருக்கும். முதல் நாளே பிரேக் பிடிக்கத்தான் கற்றுக்கொடுப்பார்கள். வேகமாகப் போக எவனும் கற்றுக்கொள்வான், நிற்பதுதான் வித்தை. சின்ன இஞ்சினில் தேறினவன் பதினெட்டில் பெரிய இஞ்சினைக் கேட்கட்டும். சொந்த வண்டியோடு டிராக் ஓடுவது லைசென்ஸ் வந்த பிறகு, வண்டியைச் சோதித்த பிறகு, நேரத்துக்கு எதிராக.

இரண்டாவது, நம் சங்கங்கள். ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் பணம் அனுப்புகிறோம். கோயில் கோபுரத்துக்கு அனுப்புகிறோம். ரொம்ப நல்லது. பாலக்காட்டில் 200 மீட்டர் ஓடவும் அதைவிட நீளமாக நிற்கவும் ஒரு தடம், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆம்புலன்ஸ், அரசின் எழுத்துபூர்வ அனுமதி என்று கேட்க நமக்கு ஏன் தோன்றவில்லை? ரேக்ளாவுக்கு ஊர் கூடி இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களின் பேரன்கள்தானே நாம்? இடுக்கி மலையில் அத்தனை நீளம் கிடைக்காது. அங்கேயுள்ள பிள்ளைகளுக்கு ஜீப் ஓட்டம் போன்றவற்றை அனுமதியோடு, விதியோடு நடத்தச் சொல்லிக் கேட்கலாம்.

மூன்றாவது, அந்தச் சாவி. கூட இருக்க முடியாத குறையை 390 சிசியால் ஈடுகட்ட முடியாது. வாங்கித் தருவதானால் எந்த இஞ்சின், என்ன வயது, எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று முன்கூட்டியே பையனோடு உட்கார்ந்து பேசிவிட்டு வாங்கிக் கொடுங்கள். வீடியோ காலில் பேசினாலும் போதும். வங்கியில் நாங்கள் நிபந்தனை எழுதாமல் ஒரு ரூபாய்கூடக் கடன் கொடுப்பதில்லை. பையனுக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய தொகை.

அடுத்த லீவில் ஊருக்குப் போனதும் வண்டியின் ஆர்சி புக்கை எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் பாலிசியைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் பையனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை.